நாற்பத்தொன்பது வயதில் வளர்ச்சி ஊசி

நாற்பத்தொன்பதாவது வயதில் எனக்கு வளர்ச்சி ஊசி போட ஆரம்பித்தார்கள். தலை பாதி நரைத்து, மீதி கொட்டி, கண்ணாடி இல்லாமல் ஊறுகாய் பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது என்றுகூடப் படிக்க முடியாத ஒரு மனிதனுக்கு. இந்தச் செய்தி சித்தூரில் பரவ ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை போதுமாயிருந்தது. ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, பாடகர் குழுவில் என் பக்கத்தில் நின்று பாடுகிறவர் என்னை மேலும் கீழும் அளந்து பார்த்தார்.

"இன்னா பிரதர், பேன்ட்டெல்லாம் பிரிச்சி எறக்கித் தைக்கணும் போலக்கீதே?"

நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். கர்த்தருடைய ஆலயத்து வாசலில் அதற்குமேல் எதுவும் செய்வதற்கில்லை.

விஷயம் இதுதான். கல்யாணமான மறுவருஷம் எனக்குத் தலைவலி வந்தது, பார்வை மங்கியது. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி இருக்கிறதாம். அதில் கட்டி. மூக்கு வழியாகவே போய் எடுத்துவிட்டார்கள். கட்டி போனது நல்லது. கூடவே சுரப்பியும் முக்கால்வாசி போய்விட்டது. அந்தப் பட்டாணிதான் உடம்பு முழுவதற்கும் உத்தரவு போடுகிற தாசில்தார் என்பது அது போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதிலிருந்து தைராய்டுக்கு ஒரு மாத்திரை, ஸ்டீராய்டுக்கு ஒரு மாத்திரை என்று காலைப் பலகாரத்துக்கு முன்பே பாதி வயிறு நிறைந்துவிடும். குழந்தைக்கு மட்டும் எந்த மாத்திரையும் பலிக்கவில்லை. கோளாறு இருந்தது என் மண்டைக்குள். பேச்சு வாங்கியது என் மனைவி. கங்காதர நெல்லூர்ப் பக்கம் அவள் சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷங்களில், பந்தியில் உட்கார்ந்து பிரியாணியைத் துன்னுகினே, அவள் காதில் விழும்படி, காய்க்காத மரம் என்று பேசுவார்கள். அவள் தொடக்கப் பள்ளியில் தெலுங்கு டீச்சர். கோபம் வந்தால் தெலுங்குக்குப் போய்விடுவாள். அந்தப் பேச்சுக்கு மட்டும் எந்த மொழியிலும் பதில் சொன்னதில்லை.

வளர்ச்சி ஹார்மோன் என்று ஒன்றும் அந்தப் பட்டாணியிலிருந்துதான் வர வேண்டும். அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. வளர்ந்து முடிந்தவனுக்கு அது எதற்கு என்று அந்தக் காலத்தில் விட்டுவிட்டார்கள். நானும் விட்டுவிட்டேன். கேட்டால் கொடுத்திருப்பார்களா என்பது வேறு கதை.

நாற்பத்தைந்துக்கு மேல் உடம்பு வேடிக்கை காட்டத் தொடங்கியது. கையும் காலும் முருங்கைக் குச்சியாக மெலிந்தன, வயிறு மட்டும் தனியாகச் செழித்தது. நான் வேலை செய்வது ஒரு மாங்கூழ் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில். ஊரெல்லாம் விளைகிற மாம்பழத்தின் இனிப்பையும் புளிப்பையும் அளந்து சொல்வது என் வேலை. பரிசோதனைக் கூடம் மாடியில். ஒரு நாள் அந்தப் படிக்கட்டின் நடுவில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். ரத்தம் சோதித்தால் கொழுப்பு எகிறியிருந்தது. அன்று முதல் என் மனைவி எண்ணெய்ப் பாட்டிலைச் சட்டிக்குக் காட்டித் திருப்பி வைத்துவிட்டுச் சமைத்தாள். களியும் கீரையுமாகத் துன்னு துன்னு எனக்கு நாக்கே செத்துவிட்டது. கொழுப்பு அசையவில்லை.

இதைச் சிரித்துக்கொண்டே எழுதுகிறேன். அப்போது சிரிக்கவில்லை. என்னைப் பெற்ற நைனா ஐம்பத்தொன்றாவது வயதில் போய்ச் சேர்ந்தவர். ஞாயிற்றுக்கிழமை காலை, கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கண்ணாடி முன்னால் நின்று சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே வந்தவர், கடைசிப் பொத்தானில் கை வைத்தபடி உட்கார்ந்தார். அவ்வளவுதான். மாரடைப்பு என்று பிற்பாடு சொன்னார்கள். பெட்டியில் வைக்கும்போது என் அத்தை அந்தப் பொத்தானைப் போட்டுவிட்டாள். நாற்பத்தொன்பதில் அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்து மூச்சு வாங்கியபோது எனக்கு நினைவுக்கு வந்தது அந்தப் பொத்தான்தான். நைனாவின் வயதைத் தாண்டுவேனா என்பது தவிர வேறு கேள்வி அன்றைக்கு எனக்கு இல்லை. என் மனைவிக்கும் இல்லை. நாங்கள் இருவரும் அதை வாய்விட்டுப் பேசவும் இல்லை.

திருப்பதியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஹார்மோன் டாக்டரம்மா ஒருவர் இருக்கிறார் என்று யாரோ சொல்ல, போனோம். ஒரு நாள் முழுக்க உட்கார வைத்து, ஊசி போட்டுச் சுரப்பியை உசுப்பி, மாற்றி மாற்றி ரத்தம் எடுத்தார்கள். எவ்வளவு உசுப்பியும் அது எழுந்திருக்கவில்லை. பிறகு எக்கோ ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா தெலுங்குக்காரர், படித்தது தமிழ்நாட்டில். இரண்டையும் கலந்து அன்பாகப் பேசுவார்.

"அடைப்பு எதுவும் இல்ல சார். ஹார்ட் மசில்தான் மெலிஞ்சிருக்கு. பம்ப் பண்றதுல கொஞ்சம் சோம்பேறித்தனம். இந்த ஹார்மோன் இல்லாத பெரியவங்களுக்கு இப்படி ஆகும். வயித்துல கொழுப்பு சேரும், ரத்தத்துல கொழுப்பு ஏறும், ஹார்ட் களைச்சிப்போகும். தினம் சின்ன டோஸ் ஊசி போட்டா இதெல்லாம் தேறும்."

"போட்டா அட்டாக் வராதா மேடம்?" என்றாள் என் மனைவி.

டாக்டரம்மா பொய் சொல்லத் தெரியாதவர். அதுவே எங்களுக்கு வினையாயிற்று.

"கேரண்டி தர முடியாதம்மா. டெஸ்டுல தெரியிறதெல்லாம் நல்லாவே மாறுது. ஆயுசு எவ்வளவு கூடும்னு இன்னும் யாரும் உறுதியா சொல்லல. டோஸ் ஜாஸ்தியும் ஆகக்கூடாது, வினண்டி, நல்லா கேட்டுக்குங்க. ஜாஸ்தி ஆனா கை கால் வீங்கும், சுகர் ஏறும், ரொம்ப நாள் அப்படியே விட்டா ஹார்ட்டே பெருசாகிப் போகும். குறையவும் கூடாது, கூடவும் கூடாது."

விலையைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. நெஞ்சு வலி வராமல் இருக்கப் போடுகிற ஊசியின் விலையைச் சொல்லி உங்களுக்கு நெஞ்சு வலி வரவழைப்பது நியாயமில்லை.

ஊசி மருந்து குளிரில் இருக்க வேண்டும். ஐஸ் பெட்டியில் வைத்து, மடியில் வைத்துக்கொண்டு, திருப்பதியிலிருந்து சித்தூர் வரைக்கும் பஸ்ஸில் வருவேன். பக்கத்து சீட்டில் மொட்டைத் தலையும் சந்தனமுமாக உட்கார்ந்திருப்பவர்கள் என் மடியையே பார்த்துக்கொண்டு வருவார்கள். தெருவில் இறங்கினால் எதிர்வீட்டம்மா, "இன்னா சார், திருப்பதி போய் வந்தீங்களே, லட்டு எங்க?" என்பார். சபையில் ஒரு பெரியவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, அடிக்கடி திருப்பதி போய்க்கினுகிறியாமே. மனசுல ஏதாச்சும் குழப்பமா?" என்று மிகுந்த கவலையோடு விசாரித்தார். மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவனாக இருந்தவன் ஐஸ் பெட்டியால் சந்தேகத்துக்கு ஆளானேன்.

சந்தேகத்தைத் தீர்க்க உண்மையைச் சொன்னேன். சொன்னதும் போதகர் பீடத்திலிருந்தே எனக்காக ஜெபம் பண்ணினார். "ஆண்டவரே, எங்கள் சகோதரனின் இருதயத்தைப் பெரிதாக்கும்!" சபை முழுவதும் ஆமென் என்றது. நான் வாயைத் திறக்கவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து என் மனைவி முறைத்தாள்.

"ஆமென் சொன்னா வாயில இன்னா முத்தா உதிர்ந்துடும்?" என்றாள் வீட்டுக்கு வந்ததும்.

"ஹார்ட் பெருசாகக் கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க இல்ல? அவரு அதையே கேக்கறாரு. ஆண்டவரு குடுத்துட்டார்னா யாரு பதில் சொல்றது?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அடுத்த வாரம் போயி, சரியான சைஸுல வேணும்னு கேக்கச் சொல்றேன்," என்றாள்.

இப்போது என்னைப் பற்றி ஓர் அவமானமான விஷயம். எனக்கு ஊசி என்றால் ஆகாது. மூக்கு வழியாக மண்டைக்குள் போய் வந்த கத்தியை மயக்கத்தில் சமாளித்துவிட்டேன். முழித்துக்கொண்டிருக்கும்போது ஊசி முனையைப் பார்த்தால் எனக்குக் கண் இருட்டும். ஆகவே எனக்கு ஊசி போடுவது என் மனைவி. எழுதுகிற பேனா மாதிரிதான் இருக்கும். பின்பக்கத்தைத் திருகினால் டிக் டிக் என்று அளவு ஏறும். நான் ராத்திரிச் சாப்பாடு முடித்து, சட்டையைத் தூக்கி, கண்ணை இறுக மூடிக்கொண்டு, கீழ்க்குரலில் ஒரு ஞானப்பாட்டை எடுத்துவிடுவேன். டிக் சத்தம்கூடக் காதில் விழாது. விழக்கூடாது என்றுதான் பாடுவதே.

"நீங்க பாடறதைக் கேக்கறதுக்கு ஊசியை எனக்கே போட்டுக்கலாம்," என்பாள்.

சும்மா சொல்லக்கூடாது, ஊசி வேலை செய்தது. சில மாதத்தில் பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டி வந்தது, உள்பக்கமாக. தொழிற்சாலைப் படிக்கட்டில் நிற்காமல் ஏறினேன். பாடல்களின் நீளமான வரிகளை ஒரே மூச்சில் இழுத்தேன். பேன்ட்டைக் கிண்டல் பண்ணின பக்கத்து ஆசாமி வாயடைத்துப் போனார். கொழுப்பு இறங்கியது. எக்கோவைப் பார்த்த டாக்டரம்மா, "சூடண்டி, பாருங்க, ஹார்ட் எழுந்து உக்காந்துடுச்சி," என்று தன் பிள்ளை பாஸானதுபோலச் சந்தோஷப்பட்டார். அளவை இன்னும் கொஞ்சம் ஏற்றினார்.

ஏற்றியதும் விரல்கள் வீங்கின. காலையில் கையை மடக்கினால் மடங்கவில்லை. கல்யாண மோதிரம் விரலில் புதைந்துவிட்டது. சோப்பு போட்டோம், எண்ணெய் போட்டோம். எனக்குச் சமையலில் கிடைக்காத எண்ணெய் விரலுக்குக் கிடைத்தது. கடைசியில் ஆசாரியிடம் போய் மோதிரத்தை வெட்டி எடுத்தோம். என் மனைவி அந்த வெட்டின மோதிரத்தைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வந்தாள்.

டாக்டரம்மாவுக்கு போன் போட்டேன். ஆரம்பத்தில் உடம்பில் நீர் கோர்ப்பது சகஜம், கொஞ்சம் குறையுங்கள், வீக்கம் வடிந்ததும் பழைய அளவுக்கே மெல்ல ஏற்றுங்கள் என்றார். அப்படியே என் மனைவியிடம் சொன்னேன். சரி என்றாள்.

அந்த வாரம்தான் என் மச்சான் வந்தார். அவளுடைய அண்ணன். கங்காதர நெல்லூரில் மாந்தோப்பு வைத்திருப்பவர். எங்கள் தொழிற்சாலைக்குப் பழம் ஏற்றி வரும்போதெல்லாம் வீட்டுக்கு வந்து, நாலு தோசை தின்று, எனக்கு வைத்தியம் சொல்லிவிட்டுப் போவார். ஆள் நல்லவர்தான், தெரியாத விஷயம் என்று உலகத்தில் ஒன்றும் இல்லை என்பது மட்டுமே அவருக்குள்ள குறை. என் விரல்களைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தோப்பில் இலையைத் திருப்பிப் பார்ப்பாரே, அதே மாதிரி.

"மாப்ள, இது ஹார்மோன்தானே?"

"ஆமா மச்சான்."

"மாமரத்துக்கு வேருல ஊத்தறமே, அதுவும் ஹார்மோன் மருந்துதான். ஊத்தினா மரம் வளர்றத விட்டுட்டுப் பூவா பூக்கும். சும்மா கொத்துக் கொத்தா காய்க்கும். பாக்கறதுக்குக் கண்ணே பத்தாது. மொதல்ல இல தடிக்கும், இதோ உன் விரலு மாதிரி. அப்புறம் கொப்பு குட்டையாயிடும். வருசா வருசம் விடாம ஊத்தினா ஒருநாள் நின்ன வாக்குல காஞ்சிடும்."

"மச்சான், நான் மாமரம் இல்ல."

"யாரு இல்லன்னு சொன்னா? உடம்புன்னா எல்லாம் ஒண்ணுதான். நல்லா கீறமாதிரிதான் இருக்கும். உள்ள காலியாகிக்கினே வரும்."

நான் வழக்கம்போலக் கத்தினேன். மாங்காய் விற்கிறவர் மாங்காய் விற்க வேண்டும், மனுஷனுக்கு மருந்து சொல்லக்கூடாது என்றேன். அவர் சிரித்துக்கொண்டே ஐந்தாவது தோசையைப் பிட்டார். என் மனைவி அடுப்படி வாசலில் தோசைத் திருப்பியோடு நின்றிருந்தாள். சட்டினி கேட்டேன். அவள் காதில் விழவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் நல்லபடியாகப் போயிற்று. அப்படித்தான் எங்களுக்குத் தோன்றியது. வீக்கம் சரசரவென்று வடிந்தது. ஆசாரி ஒட்டவைத்துத் தந்த மோதிரம் வழுக்கிக்கொண்டு விரலில் ஏறியது. என் மனைவி முகத்தில் வெளிச்சம் வந்தது. சபையில் ஒரு ஸ்தோத்திர ஜெபம் நடத்தினார்கள், சமோசா கொடுத்தார்கள். நான் எழுந்து நின்று, கர்த்தர் என் விரல்களுக்கு இரங்கினார் என்று சாட்சி சொன்னேன்.

மோதிரம் லேசாக ஆக, படிக்கட்டு கனமாகிக்கொண்டே வந்தது. அதை நான் கவனிக்கவில்லை. மாம்பழ சீசன், வேலை அதிகம், அதனால்தான் களைப்பு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பெல்ட் பழைய ஓட்டைக்குத் திரும்பியது. நீள வரிகளில் வாயை மட்டும் அசைத்தேன். பக்கத்தில் நின்றவர் நல்ல மனுஷன், என் பங்கையும் சேர்த்துப் பாடினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கண்ணாடி முன் நின்று சட்டைப் பொத்தான் போடும்போது மூச்சு வாங்கியது. சட்டென்று கையை எடுத்துவிட்டேன். கடைசிப் பொத்தானைப் போடாமலே கோயிலுக்குப் போனேன். அதைப் போட்டால் ஏதோ முடிந்துவிடும் என்று பயம். படித்தவனுக்கு வருகிற பயமா இது? வந்தது.

திருப்பதி போனோம். டாக்டரம்மா ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்தார், எக்கோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இன்னா சார் இது? ஊசியே போடாத மாதிரி இருக்கு. கொழுப்பு பழையபடி. ஹார்ட்டும் பழையபடி சோம்பேறி ஆயிடுச்சி. மருந்து சூடுல கெட்டுப்போச்சா?"

அவ்வளவுதான், எனக்குக் கோபம் பற்றிக்கொண்டது. கரண்ட்காரர்கள் வெயில் காலத்தில் எப்படி நேரம் காலமில்லாமல் கரண்ட்டைப் பிடுங்குகிறார்கள் என்று ஆரம்பித்தேன். மருந்துக் கடைக்காரன் வாசல் பக்கம் வெயிலில் வைத்திருப்பான், அவனைச் சும்மா விடப்போவதில்லை என்றேன். பஸ் கண்டக்டர் ஒருநாள் ஐஸ் பெட்டியை என்ஜின் பக்கம் வைக்கச் சொன்னதையும் சேர்த்துக்கொண்டேன். பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவன் நான், குளிர் குறையாமல் கடைசிவரை கொண்டுசேர்க்கிற குளிர் சங்கிலி என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா, ஒருத்தனை விடமாட்டேன், எழுதிப் போடுவேன் என்று குதித்தேன். என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, சுவரில் ஒட்டியிருந்த இதயப் படத்தை முதல்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா என்னைப் பேசவிட்டார். பிறகு மெதுவாகக் கேட்டார். "ஒரு பேனா எவ்வளவு நாள் வருது சார்?"

"அதைச் சொல்லணும் மேடம்," என்றேன், கொஞ்சம் குளிர்ந்து. "கம்பெனிக்காரங்க தாராளம். முன்னெல்லாம் மாசத்துக்குள்ள தீந்துடும். இப்ப ஒண்ணு போட்டா அது பாட்டுக்கு வந்துக்கினே கீது. அளவு கொஞ்சம் கூடவே வெக்கறாங்க போல."

சொல்லி முடிக்கும்போதே எனக்கு உறைத்தது. டாக்டரம்மா என்னைப் பார்க்கவில்லை. என் மனைவியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். தொழிற்சாலையில் ஒரு பீப்பாய் கூழ் கொஞ்சம் குறைந்தாலும் கண்டுபிடிக்கிறவன், என் குளிர்பெட்டியில் இருந்த பேனா தீராமல் இருந்ததைக் கம்பெனியின் தர்மம் என்று நினைத்திருக்கிறேன்!

"நான்தான் கம்மியா வெச்சேன்," என்றாள் என் மனைவி. தமிழில்தான் சொன்னாள். "மொதல்ல நீங்க சொன்ன அளவு கொறச்சேன். வீக்கம் வடிஞ்சிது. இன்னும் கொஞ்சம் கொறச்சேன். அப்புறம்... பேருக்கு வெச்சிக்கினு இருந்தேன்."

"ஏத்தணும்னு சார்கிட்ட சொல்லியிருந்தேனே அம்மா?"

"சொன்னீங்க."

டாக்டரம்மா திட்டவில்லை. பழைய அளவை எழுதிக் கொடுத்து, அதிலிருந்து மெல்ல ஏற்றுவோம், அடுத்த முறை சீக்கிரமே வாருங்கள் என்றார். வெளியே வந்தோம். நான் திட்டுவதற்கு வாயில் எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, ஐஸ் பெட்டியை மடியில் வைத்ததும் ஆரம்பித்தேன்.

"உங்கண்ணன் பேச்ச கேட்டு என்னைக் கொல்லப் பாத்தியா? அவன் மாங்காய் விக்கறவன். அவனுக்கு ஹார்மோனைப் பத்தி இன்னா தெரியும்?"

"டாக்டரம்மாவுக்கே தெரியலியே," என்றாள். "நான் கேட்டேன், கேரண்டி இல்லன்னு சொன்னாங்க. எங்கண்ணன் காஞ்சிடும்னு அடிச்சி சொன்னாரு. நான் யாரை நம்பறது?"

சந்தேகத்தோடு உண்மை பேசினவர் தோற்றுப்போனார், நிச்சயத்தோடு உளறினவர் ஜெயித்துவிட்டார். நாட்டில் எல்லா இடத்திலும் நடப்பது என் வீட்டுக் குளிர்பெட்டியிலும் நடந்திருக்கிறது.

பஸ் சந்திரகிரியைத் தாண்டியது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு பேசினாள்.

"எங்க நைனா ஒரு தோப்ப குத்தகைக்கு வுட்டிருந்தாரு. நான் அப்ப சின்னப் பொண்ணு. அம்மாம் பெரிய மரங்க. குத்தகைக்காரனுக்கு இன்னா, மரம் அவனுதா? வருசா வருசம் வேருல ஊத்தினான். காய்ச்சிது பாருங்க, கொப்பு கொப்பா ஒடிஞ்சி வுழற அளவுக்கு காய்ச்சிது. ஊரே வந்து பாத்துது. எங்க நைனா மீசைய முறுக்கிக்கினு நின்னாரு. அப்புறம் ஒண்ணு ஒண்ணா காஞ்சிது. எல்லாத்தையும் வெட்டி வெறகா அடுக்கிட்டாங்க. நம்ம கல்யாணப் பிரியாணி அந்த வெறகுலதான் வெந்துது. உங்களுக்குத் தெரியாது. புகை வாசன வந்தப்ப நான் மேடைல உக்காந்துகினு அழுதேன். ஊர வுட்டுப் போறேன்னு அழுவறான்னு எல்லாரும் நெனச்சாங்க."

எனக்கு நினைவிருந்தது, அந்த அழுகையும் அந்தப் பிரியாணியும். நன்றாக இருந்தது என்று இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன்.

"மோதிரத்த வெட்டினாங்களே, அன்னிக்கே எனக்குப் பாதி உசுரு போயிடுச்சி," என்றாள்.

என் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மரத்துக்கு ஊற்றுவது அதற்கு வேண்டாத ஒன்று, அதன் வளர்ச்சியை மடக்குகிற மருந்து. எனக்குப் போடுவது என் உடம்பே சுரந்திருக்க வேண்டியது, சுரக்காமல் போனது. மருந்து ஊற்றுவதல்ல இது, வாய்க்கால் அடைத்துப்போன மரத்துக்குக் குடத்தில் கொண்டுபோய்த் தண்ணீர் ஊற்றுவது. அளவாக ஊற்றினால் மரம் நிற்கும்.

அவள் சடாரென்று திரும்பினாள். "தண்ணியா?"

"தண்ணிதான்."

"இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா கேடு உங்களுக்கு? இத்தினி மாசமா பிட்யூட்டரி, ஹார்மோன், எக்கோன்னு இங்கிலீசுல பொளந்துகினு இருந்தீங்களே!" பிறகு தெலுங்குக்குப் போய்விட்டாள். பூதலப்பட்டு வரும் வரைக்கும் தெலுங்கில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். முன் சீட்டு மொட்டைத்தலைக்காரர் ஒருவர் என்னைப் பரிதாபமாகத் திரும்பிப் பார்த்தார்.

எல்லாம் ஓய்ந்த பிறகு, சித்தூர் எல்லையில், அவள் என் கையை எடுத்து மோதிரத்தைத் திருகிக்கொண்டே சொன்னாள்.

"காய்க்காத மரம்னு ஊர்ல எல்லாரும் என்னிய சொன்னாங்க. அழுதிருக்கேன். அப்புறம் ஒருநாள் தோணிச்சி. காய்க்காத மரத்த எவனும் குத்தகைக்குக் கேக்கமாட்டான். வேருல எதையும் ஊத்தமாட்டான். அது பாட்டுக்கு நம்முளுதாவே நிக்கும். அதான் கம்மியா வெச்சேன். நீங்க படி ஏறாட்டியும் பரவால்ல, பாடாட்டியும் பரவால்ல. நின்னுகினு இருந்தா போதும்னு நெனச்சேன்."

நான் ஐஸ் பெட்டியைப் பார்த்துக்கொண்டே வந்தேன். கண்டக்டர் சித்தூர் சித்தூர் என்று கத்தினார்.

அன்றைக்கு ராத்திரி நான் பாடவில்லை. கண்ணைத் திறந்துகொண்டு சட்டையைத் தூக்கினேன். அவள் பேனாவை என் முகத்துக்கு நேராக நீட்டி, தன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல, ஒகட்டி, ரெண்டு, மூடு என்று தெலுங்கில் எண்ணித் திருகிக் காட்டினாள். ஊசி முனையைப் பார்த்ததும் எனக்குக் கண் இருட்டியது. அதுவும் ஒரு நொடிதான்.

மறுபடி மெல்லத் தேறினேன். கொழுப்பு இறங்கியது, இதயம் எழுந்து உட்கார்ந்தது, விரல் இந்த முறை வீங்கவில்லை. அவள் அளவைக் குறைத்த கதை மச்சானுக்குத் தெரியாது. இன்னமும் என் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். இது தண்ணீர் என்று அவள் அவருக்கும் விளக்கிவிட்டாள். தண்ணீர் அதிகமானால் வேர் அழுகும் என்று புதிதாக ஆரம்பித்திருக்கிறார். டாக்டரம்மா இன்னமும் கேரண்டி தருவதில்லை. என் மனைவி கேட்பதையும் விட்டுவிட்டாள்.

போன மாதம் எனக்கு ஐம்பத்திரண்டு ஆயிற்று. என் நைனாவைவிட நான் மூத்தவனாகிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை. கோயிலுக்குக் கிளம்பிக் கண்ணாடி முன்னால் நின்று பொத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் யாரோ நிற்பதுபோல் இருந்தது. என் மனைவி பைபிளையும் பாட்டுப் புத்தகத்தையும் மார்போடு அணைத்துக்கொண்டு, கதவு நிலையில் சாய்ந்து, மூச்சுக்கூட விடாமல் என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பார்த்ததைக் காட்டிக்கொள்ளவில்லை. கடைசிப் பொத்தானைப் போட்டேன். காலரையும் இழுத்துச் சரிசெய்துகொண்டேன்.

"ஆச்சா? வாங்க, நேரமாச்சி," என்றாள்.

செருப்பைப் போட்டுக்கொண்டு அவள் பின்னால் போனேன்.